திருத்துன்னு ஒரு பொத்தான்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் பொட்டி தட்டற சமாச்சாரம் வரும், பொறுத்துக்கோங்க.

2020 ஊரடங்குல வேலை வெட்டி இல்லாம உட்கார்ந்திருந்தப்போ, ஹைவ் சமூக வலைத்தளத்துக்கு ஒரு டெஸ்க்டாப் கிளையன்ட் எழுத ஆரம்பிச்சேன். ஹைவ் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 2016ல ஸ்டீம்னு ஒரு பிளாக்செயின் வந்துச்சு (கேம் விக்கற ஸ்டீம் இல்லை, இது வேற). அதுல நீங்க எழுதற பதிவு, போடற பின்னூட்டம், குத்தற ஓட்டு எல்லாமே செயின்ல ஏறும். 2020 பிப்ரவரில அதுக்குப் பின்னாடி இருந்த கம்பெனியை டிரான் ஜஸ்டின் சன் வாங்கினார். செயின் யார் கையில இருக்கணும்னு பெரிய சண்டை. மார்ச் 20ம் தேதி ஒரு கூட்டம், பழைய பதிவுகளை எல்லாம் அப்படியே பிரதி எடுத்துக்கிட்டு ஹைவ்னு தனிக்குடித்தனம் போயிடுச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், வலைத்தளம்ங்கறது வெறும் ஜன்னல்தான். சரக்கு எல்லாம் செயின்ல இருக்கு. மூணு வினாடிக்கு ஒரு பிளாக் வீதம் ஓடிக்கிட்டே இருக்கு, உலகம் பூரா பல கம்ப்யூட்டர்ல அதோட நகல் இருக்கு. ஜன்னல் பிடிக்கலைன்னா நாமே ஒண்ணு செஞ்சுக்கலாம், யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். அரைகுறை ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்ச எனக்கு இது போதாதா? எலக்ட்ரானை எடுத்துப் போட்டு (பல்லாங்குழி மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதினாலும் அது முழு உலாவியையே வயித்துல வச்சுக்கிட்டு வரும், அது தனிப் புலம்பல்) ரெண்டு மாசத்துல ஒரு வழியா ஓட வச்சேன். வரைவுகள் நம்ம வன்தட்டிலேயே இருக்கும், நெட் இல்லாதப்பவும் எழுதலாம். அதுதான் நான் எதிர்பார்த்தது.

கேட்டுக்கிட்ட நாலஞ்சு நண்பர்களுக்கும் கொடுத்தேன். அதுல ஒருத்தர் என்னைவிட பதினஞ்சு வயசு மூத்தவர். அண்ணன்னுதான் கூப்பிடுவேன். நல்லா எழுதுவார். "அப்பாவின் கடை"ன்னு ஒரு தொடர் ஆரம்பிச்சார். தலைப்புல வரிசையா 1, 2, 3ன்னு போட்டு ஆறு பகுதி. அவங்கப்பா மளிகைக் கடை வச்சிருந்த கதை. முதல் பகுதிக்கு மட்டும் நிறைய பேர் அவங்கவங்க அப்பாவைப் பத்தி கீழே எழுதியிருந்தாங்க.

சில மாசம் கழிச்சு "காசி யாத்திரை - 1"னு அடுத்த தொடர். அனுப்பின பத்தாவது நிமிஷம் போன்.

"தம்பி, அப்பாவைக் காணோம்டா."

எனக்கு முதல்ல புரியவே இல்லை. போய்ப் பார்த்தா, "அப்பாவின் கடை" முதல் பகுதி இருந்த இடத்துல காசி யாத்திரை உட்கார்ந்திருக்கு. கீழே பழைய பின்னூட்டங்கள் அப்படியே. படகுல போன கதைக்கு அடியில ஒருத்தர் "கடைசி வரி படிச்சு அழுதுட்டேன்"ங்கறார்.

என்ன நடந்ததுன்னா, ஹைவ்ல ஒவ்வொரு பதிவுக்கும் எழுதறவர் பேரோட ஒரு பெர்ம்லிங்க் உண்டு. அந்தப் பதிவோட விலாசம்னு வச்சுக்கோங்க. அதுல ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், இடைக்கோடு, இது மூணுதான் வரலாம். நான் எழுதின நிரல் தலைப்பை வாங்கி, மத்த எழுத்து எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை விலாசமா வச்சுக்கும். முழுக்கத் தமிழ்ல தலைப்பு வச்சா மிச்சம் ஒண்ணுமே இருக்காது. அது எனக்கே தெரிஞ்சு, மிச்சம் காலியா இருந்தா அன்னிக்குத் தேதி நேரத்தைப் போட்டுக்கோன்னு எழுதியிருந்தேன். சாமர்த்தியம்தான். ஆனா "அப்பாவின் கடை - 1"ல மிச்சம் காலி இல்லையே, 1 இருக்கே! "காசி யாத்திரை - 1"க்கும் அதே 1. ஒரே ஆள், ஒரே விலாசம்.

இந்தச் செயின்ல புதுப்பதிவுக்கு ஒரு கட்டளை, திருத்தத்துக்கு ஒரு கட்டளைன்னு தனித்தனியா கிடையாது. பின்னூட்டத்துக்குக்கூட அதே கட்டளைதான். ஏற்கெனவே இருக்கற விலாசத்துக்கு அனுப்பினா, ஓ திருத்தறார் போலன்னு எடுத்துக்கும். தப்பு மொத்தமும் என்னுது. தமிழ்ல எழுதறவங்களுக்காகன்னு பீத்திக்கிட்டு செஞ்ச மென்பொருளை "டெஸ்ட் போஸ்ட்"னு ஆங்கிலத் தலைப்பு வச்சே சோதிச்சிருக்கேன், பாருங்க.

அண்ணன் எழுதறது நேரா கிளையன்ட்லதான். அனுப்பினதும் வரைவை அழிச்சிடும்படி நானே செஞ்சிருந்தேன். அவர்கிட்ட வேற நகல் இல்லை.

ஆனா செயின்ல இருந்தது. மேலே தெரியறது கடைசி வடிவம் மட்டும்தான். பழசு, அது ஏறின பிளாக்ல அப்படியே கிடக்கும். கணக்கோட வரலாற்றை ஒரு தடவைக்கு ஆயிரம் செயலா பின்னாடி இருந்து வாங்கிக்கிட்டே போகலாம். ராத்திரி ஒரு மணிக்கு அந்த 1ங்கற விலாசத்துக்கு வந்தது எல்லாத்தையும் வடிகட்டி எடுத்தேன். காசி யாத்திரை ஒண்ணு. அப்பாவின் கடை மூணு.

மூணு ஏன்? முதல்ல போட்டது, அப்புறம் ரெண்டு தடவை திருத்தினது. எது சரியானதுன்னு பார்க்க மூணையும் படிச்சேன். முதல் வடிவத்துல ஒரு பத்தி கூட இருந்துச்சு. கடையை விக்கறப்போ அவரோட தம்பி என்ன செஞ்சார்னு, பேரோட, தொகையோட. நாற்பது நிமிஷத்துல அதை எடுத்திருக்கார். அதை நான் படிச்சிருக்கக் கூடாது. படிச்சுட்டேன்.

கடைசி வடிவத்தைத் திரும்ப 1ல ஏத்தி, காசியை வேற விலாசத்துக்கு மாத்தினேன். அண்ணனுக்கு ஏக சந்தோஷம். சொல்லாம விட்டிருக்கலாம். மறுநாள் பூரா யோசிச்சுட்டு, சாயங்காலம் சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அழிச்சிட்டேனேப்பா அதை"ன்னார்.

"மேல தெரியாதுண்ணே. உள்ள இருக்கு."

"உன் சாப்ட்வேர்ல காட்டாம வைக்க முடியுமா?"

"என்னுதுல இப்பவே காட்டாது. ஆனா செயினைப் பிரிச்சுக் காட்டறதுக்குன்னே தளம் இருக்கு, யார் வேணா பார்க்கலாம்."

"மொத்தமா நீக்கிடறது?"

பதில் வந்துட்ட பதிவை செயின் நீக்க விடாது. நீக்கினாலும் மேல இருந்து போகுமே தவிர பிளாக்ல இருக்கத்தான் செய்யும். இதைச் சொல்லும்போது எனக்கு என்னமோ டாக்டர் மாதிரி இருந்துச்சு. ராத்திரி எந்தக் குணம் அப்பாவைத் திருப்பிக் கொடுத்ததோ, அதேதான் அந்தப் பத்தியையும் பிடிச்சு வச்சிருக்கு. யாரும் தணிக்கை பண்ண முடியாது, யாரும் அழிக்க முடியாதுன்னு இதைப் புகழ்ந்து நானே பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். அந்த "யாரும்"ல எழுதினவரும் அடக்கம்னு எனக்கு உறைக்கலை.

விலாசப் பிரச்சனையைச் சரி பண்றது அரை மணி வேலை. எல்லா விலாசத்துக்கும் பின்னாடி நேரத்தை ஒட்டிடறது, அனுப்பறதுக்கு முன்னாடி அந்த விலாசம் ஏற்கெனவே இருக்கான்னு செயினைக் கேட்டுக்கறது, அவ்வளவுதான். வரைவையும் இப்போ அழிக்கறதில்லை. திருத்துங்கற பொத்தானைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை. "புது வடிவம் அனுப்பு"ன்னு பேரை மாத்தி, பழசும் செயின்ல இருக்கும்னு கீழே ஒரு வரி போட்டேன். இந்த மாதிரி வரியை எல்லாம் எவனும் படிக்க மாட்டான்னு எனக்கும் தெரியும்.

அதனால இன்னொண்ணு சேர்த்தேன். அனுப்புன்னு அழுத்தினாலும் உடனே போகாது. நம்ம கம்ப்யூட்டர்லயே ஒரு பெட்டியில பத்து நிமிஷம் காத்திருக்கும். அதுக்குள்ள எடுத்தா நிஜமாவே போச்சு, செயின் அதைப் பார்த்ததே இல்லை. டெஸ்க்டாப்ல செஞ்சதுக்கு இது ஒண்ணுதான் உருப்படியான காரணம்னு இப்போ தோணுது. மத்ததெல்லாம் அலங்காரம்.

பத்து நிமிஷத்தை அவங்கவங்க மாத்திக்கலாம். அண்ணன் ஒரு நாள்னு வச்சிருக்கார். தம்பியோட அவர் இப்போ பேசறாரான்னு நான் கேட்டதில்லை.

சாவி கூத்து ஒண்ணு பாக்கி இருக்கு. பதிவு போடற சாவி கேட்ட இடத்துல ஒரு நண்பர் மாஸ்டர் பாஸ்வேர்டையே ஒட்டின கதை. அது அடுத்த தடவை :-)