நூறு வெள்ளி அபராதம்

சென்ற மாதம் ஒரு மாலை, பினாங்குத் துறைமுகத்தில் அக்கரை செல்லும் பெரிக் கப்பலுக்காகக் காத்திருந்தோம். பக்கத்தில் மூன்று வாலிபர் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து நகைத்துக்கொண்டிருந்தனர். அதில் யாரோ ஒரு பெண் பாடுகிறாள். கீழே பிறர் எழுதியிருந்த வசைகளை ஒருவன் உரக்கப் படித்தான். கண்டிக்க நமக்கு நா எழவில்லை. நம்மீதும் ஒரு பழைய குற்றம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், நமது தோட்டத்துப் பெண் ஒருத்தியின் படத்தை எவனோ வெட்டி ஒட்டி இணையத்தில் பரப்பினான். கிராணிக்கு இங்கிலீஷ் தெரியுமென்று, புகார் எழுத நம்மிடம் வந்தனர். "குடும்ப மானமே போச்சுங்க ஐயா" என்றார் தகப்பனார். நாமும் மானம், கற்பு, ஆபாசம் என்றே பக்கத்தை நிரப்பினோம். ஓரமாய் நின்ற அப்பெண், "என்னைக் கேக்காம செஞ்சாங்கன்னு எழுதுங்க சார்" என்றாள். அதை மட்டும் நாம் எழுதவில்லை. பின்பு பெரியவர்கள் கூடிச் செய்த ஏற்பாடு யாது? அவள் கைப்பேசியைப் பறித்ததே!

நிற்க. நாட்டுச் சட்டமும் நம் புகாரைப் போன்றே எழுதப்பட்டது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு ஆபாசம், அநாகரிகம், பொய், மிரட்டல், மனம் புண்படுத்தல் யாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிற்று. யாருடைய இசைவு மீறப்பட்டது என்று அது கேட்கவில்லை. பலன் பாருங்கள். குடிநுழைவுத் தடுப்பு முகாமில் அகதிகள் நடத்தப்படும் விதத்தை 2020இல் முகநூலில் எழுதிய ஹெய்டி குவா என்னும் பெண்மீது, 2021இல் அப்பிரிவே பாய்ந்தது. குற்றச்சாட்டு குறையுடையதென்று 2022இல் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. 2024 ஜூலையில், ஈஷா என இணையத்தில் அறியப்பட்ட நம் தமிழ்ப்பெண், டிக்டாக்கில் வசைக்கு ஆளாகி உயிர் துறந்தார். அவரை இழிவுபடுத்தியதாக ஒப்புக்கொண்ட ஒருத்திக்கு, 1955ஆம் ஆண்டுச் சிறுகுற்றச் சட்டப்படி நூறு வெள்ளி அபராதம். அப்பிரிவின் உச்ச வரம்பே அதுதான்!

வசை பாடியவளும் பெண்தானே என்பர் சிலர். ஆண்கள் எழுதி வைத்த பாடத்தைப் பெண் ஒப்பிப்பதில் வியப்பென்ன?

2025இல் பகடிவதைக்கெனத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் வந்தன; 2026 ஜனவரியில் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்புக்கு வந்தது. வரவேற்கிறோம். ஆயின் எதை நீக்குவது என்ற கேள்வி எழும்போது, உடையின் அளவையே முதலில் பார்ப்போமாயின், மறுபடியும் பறிபோவது அவள் கைப்பேசிதான்.

அப்பெண் இப்போது ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறாள். அவளைக் கண்டு, அன்று விட்ட வாக்கியத்துக்காக மன்னிப்புக் கேட்டுத் திரும்பும் வழியிலேயே துறைமுகத்தில் நின்றிருந்தோம். "பரவாயில்லீங்க சார்" என்றாள். புதிய கைப்பேசி எண்ணை மட்டும் தரவில்லை.