எழுபது பேரின் ஜாமீன்

நான் எழுதுவது நெசவாளர் வீட்டுக் கதைகள். ஆர்.கே.பேட்டையின் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே, கூலியும் கடனுமாக நடக்கிறவை. படிப்பதும் அந்த வகைதான். 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானபோது நண்பர் ஒருவர் 'விட்டு விடு கருப்பா' நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். நாகா இயக்கத்தில் சன் டிவியில் 'விடாது கருப்பு' என்று வந்ததே, அந்தக் கதை. எடுத்தவன் கீழே வைக்கவில்லை.

தப்பு செய்தவனைக் கருப்பே வந்து தண்டிக்கிறது என்கிறது ஊர். வெளியிலிருந்து வந்தவர்கள் காரணம் தேடுகிறார்கள். நடப்பதெல்லாம் நம்புகிறவருக்கும் பொருந்த வேண்டும், சந்தேகப்படுகிறவருக்கும் பொருந்த வேண்டும். என் கதைகளில் ஒரு விவரத்துக்கு ஒரு வேலை இருந்தால் போதும். அங்கே இருட்டில் கேட்கும் குதிரைக் குளம்படிக்குக்கூட இரண்டு வேலை. இந்த உழைப்பை மதிக்காமல் இருக்க முடியாது.

அந்த ருசியோடுதான் எங்கள் மாவட்டத்துப் பழையனூர் நீலி கதையைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் பழையனூர். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தச் சம்பவத்தைச் சுட்டுகிறார். அப்படியென்றால் ஏழாம் நூற்றாண்டிலேயே இது பழங்கதை. முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவன் வணிகனாகப் பிறந்து வருகிறான். நீலி ஒரு கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னைக் கைவிடுகிறார்" என்று வேளாளர் சபையில் அழுகிறாள். "இவள் பேய்" என்று அவன் கதறுகிறான். சபை குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறது. அது நேரே அவன் மடியில் போய் ஏறுகிறது. பிறகு அவன் காப்புக்கு வைத்திருந்த வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். அவன் உயிருக்குச் சபையின் எழுபது பேரும் தங்கள் உயிரையே பிணையாகச் சொல்கிறார்கள். விடிந்தால் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

கேட்கிற நமக்கு அவள் யாரென்று முதலிலேயே தெரியும். சபைக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் முட்டாள்கள் இல்லை. நியாயமானவர் எவரும் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் கேட்டார்கள். குழந்தையைவிடப் பெரிய சாட்சி எது? ஒவ்வொரு நல்ல கேள்வியும் அந்த வணிகனைச் சாவுக்கு ஓரடி பக்கத்தில் தள்ளுகிறது. என் முதுகு சில்லிட்டது அங்கேதான், நீலியின் பல்லைப் பார்த்து அல்ல. எழுபது பேரில் ஒருவரை அசடாகக் காட்டியிருந்தாலும் கதை அன்றே செத்திருக்கும்.

இத்தனை வருடம் பேய்க்கதை என்று நான் ஒதுக்கியிருந்தது அடிப்படையில் ஒரு ஜாமீன் கதை! எங்கள் தறிக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான விஷயம் உண்டா? அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட ஒரு பெரியவரைப் பற்றிய என் கதை பாதியில் நிற்கிறது. போடுவதற்கு முன் அவர் கேட்ட கேள்விகளை இப்போது ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்கிறேன். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்.