நட்டு இளகும் சத்தம்

வைகாசி பிறந்தால் டெல்டாவில் எங்கள் பட்டறை வாசல் நிறைந்துவிடும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் குறுவைக்குச் சேறடிக்க வேண்டும். போன சம்பாவில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் கொட்டகையில் தள்ளிய ரொட்டவேட்டர், கேஜ் வீல், உரம் தூவும் எந்திரம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வேலை என்னவோ பிளேடு மாற்றுவதும் பேரிங் மாற்றுவதும்தான். பொழுது போவது அதற்கு முன்னால், பிடித்துப்போன போல்ட்டைக் கழற்றுவதில்.

புதிதாக வரும் பையன்கள் முதலில் தேடுவது நீளமான பைப்பை. "அண்ணே, பைப்பைப் போட்டு நெம்பிடவா?"

"இரு தம்பி. எது புடிச்சிருக்குன்னு பாரு மொதல்ல."

கணக்கைச் சொல்லிக் காட்டுவேன். தலையில் 8.8 என்று பொறித்த 12 எம்எம் போல்ட்டை மாட்டும்போது முறுக்குவது ஏறக்குறைய 80 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 40 கிலோ பாரத்தைப் போட்டால் அது 400-ஐ நெருங்கும். துரு விடாவிட்டால் போல்ட்தான் முறியும். அரை மணி நேர வேலை, ஒருநாள் வேலையாகிவிடும்.

எது பிடித்திருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். இரும்பு துருவாகும்போது முன்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருக்கும் மயிரிழைச் சந்தில் அது வீங்கி இறுகுகிறது. உரம் தூவும் எந்திரத்தில் நிலைமை இன்னும் மோசம். பொட்டாஷில் இருப்பது குளோரைடு உப்பு. வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் அந்த வேலையைக் கடற்காற்றே செய்துவிடும். சிலசமயம் நட்டுக்குள் துருவே இருக்காது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரை கல்லில் அடிபட்டு நசுங்கியிருக்கும், நட்டு அதைத் தாண்டி வர முடியாமல் நிற்கும். டாப் லிங்க்கில் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. அது தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் வேலை கம்பி பிரஷ்தான். நட்டு நடந்து வரப்போகும் பாதையைச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்து எண்ணெய். ஸ்பிரே இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் டீசலை விட்டுச் சாயங்காலமே ஊறப்போட்டுவிடுவேன். காலையில் போல்ட் தலையில் சுத்தியலால் நேராகச் சில அடி, மறுபக்கம் கனமான இன்னொரு சுத்தியலை அணைகொடுத்து. எண்ணெய் இறங்காத இடத்தில் துருவை உடைப்பது அந்த அதிர்ச்சிதான்.

ஸ்பானரில் கஞ்சத்தனம் கூடாது. ஆறு மூலை பாக்ஸ் ஸ்பானர் நட்டின் பக்கங்களைப் பிடிக்கும்; பன்னிரண்டு மூலை முனைகளை மட்டும் பிடித்து மழுக்கிவிடும். டாஃபேயின் பழைய மேஸி ஃபெர்கூசன் டிராக்டர்களில் இஞ்ச் மரை நிறைய உண்டு. முக்கால் இஞ்ச் தலைக்கு 19 ஸ்பானர் ஒத்துப்போகும். 9/16 என்பது 14.29 எம்எம், 14 ஏறாது, 15 ஆடும். அந்த ஆட்டத்தோடு 15-ஐப் போட்டுத் திருகித்தான் பாதி டிராக்டர்களில் முனை மழுங்கிக் கிடக்கிறது.

ஸ்பானரைப் போட்டதும் நான் முதலில் இறுக்கத்தான் பார்ப்பேன், ஒரு இம்மி. துரு எந்தப் பக்கம் உடைந்தாலும் சரிதான். பிறகு கழற்றும் பக்கம். அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேசக் கூடாது என்பது என் கட்டளை. மரை இளகும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், நட்டின் ஓரத்தில் செந்தூள் கசியும். போல்ட் முறுக்கிக்கொண்டு போகும்போது சத்தமே வராது. ரப்பரைத் திருகுவது போல் கை மெத்தென்று போய்க்கொண்டே இருக்கும். அதை உணர்ந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். இளகினாலும் ஒரே மூச்சில் சுழற்றக் கூடாது: கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, சொட்டு எண்ணெய், மறுபடி.

இதற்கும் அசையாவிட்டால் கேஸ். சூடு நட்டுக்கு, போல்ட்டுக்கு அல்ல. 16 எம்எம் நட்டை 300 டிகிரி சூடேற்றினால் அதன் துளை விரிவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். துருவின் பிடி விட அது போதும். சூடு தணியும்போது மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் தானே ஓடும். பக்கத்தில் ஆயில் சீலோ ஹைட்ராலிக் ஹோஸோ இருந்தால் நான் நெருப்பை எடுப்பதில்லை. டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் நெருப்புக் காட்டவே கூடாது. காற்றை இறக்கினாலும் கூடாது. உள்ளே ரப்பர் வெந்து வாயு கட்டி, டயர் வெடித்து ஆள் செத்திருக்கிறது. என்ன அவசரம் என்றாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வளவு பொறுமையும் எல்லாப் போல்ட்டுக்கும் தேவையில்லை. ரொட்டவேட்டர் பிளேடு போல்ட் மண்ணில் தேய்ந்து தலை வழுக்கையாகியிருந்தால் கிரைண்டரை வைத்து அறுத்துத் தள்ளுவேன். புதிதின் விலை கூலியைவிடக் குறைவு. பொறுமை வேண்டியது வார்ப்பிரும்புக்குள் இறங்கிய ஸ்டட்டுக்கு: கியர் பாக்ஸ், ஆக்ஸில் ஹவுசிங், எஞ்சின் பிளாக். அது உள்ளே முறிந்தால் மேலே ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக ஸ்டட்டோடு வெல்டிங் பிடிப்பேன். அந்தச் சூடே பாதி வேலையை முடித்துவிடும். பிடித்துத் திருக ஒரு தலையும் கிடைத்துவிடும். துளை போட்டுச் செருகும் எக்ஸ்ட்ராக்டரை நான் நம்புவதில்லை. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறவே ஏறாது.

கழற்றிய பிறகு ஒரு வாக்குவாதம் வரும். "அதே போல்ட்டைப் போட்டுடுங்கண்ணே, நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். சிவக்கச் சூடு கண்ட போல்ட் தலையில் 10.9 என்று இருந்தாலும் அந்த வலு போய்விட்டது. அதை அவர்கள் கண்ணெதிரிலேயே பழைய இரும்பில் போட்டுவிடுவேன். புதிய போல்ட்டின் மரையில் விரல் நுனியளவு கிரீஸ் தடவித்தான் ஏற்றுவேன், அடுத்த வைகாசிக்கு அது சுலபமாக வர வேண்டும். வீல் நட்டுக்கு மட்டும் கிரீஸ் கிடையாது. வழவழப்பில் அதே முறுக்குக்கு இறுக்கம் கூடி ஸ்டட் இழுபட்டுவிடும்.