ரயில் பாதை முடிகிற இடத்தில் ஒரு படக் கலாசாலை

இங்கிலாந்தின் எல்லைப்புறத்திலுள்ள ஷ்ரூஸ்பரி ஸ்டேஷனில் ரயில் ஏறினால், பசும் மலைகளையும் ஆட்டு மந்தைகளையும் பார்த்துக்கொண்டே சுமார் இரண்டு மணி நேரம் மேற்கு நோக்கிப் பிரயாணம் செய்யலாம். அதற்கு மேல் ரயில் போவதற்கு இடம் கிடையாது, எதிரே சமுத்திரம்! அந்த ஊருக்கு அபெரிஸ்ட்வித் என்று பெயர். வாய்க்குள் நுழையாத பெயராயிருக்கிறதே என்று நேயர்கள் மிரள வேண்டாம். 'இஸ்ட்வித் நதியின் முகத்துவாரம்' என்பதுதான் அதன் பொருள். வேல்ஸ் தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள இச்சிற்றூரில் சினிமாவும் டெலிவிஷனும் தயாரிக்கப் பயிலும் மாணாக்கர்களைக் காண்பதற்காகவே நான் சென்றிருந்தேன். "லண்டன் மாநகரம் இருக்கும்போது, இந்த மூலைக்கு ஏன் வருகிறார்கள்?" என்ற கேள்வியையும் கையோடு கொண்டு போயிருந்தேன்.

இக்கலாசாலையின் பூர்வ கதை சுவையானது. கடற்கரையில் கோட்டையைப் போன்ற ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. ரயில்வே காண்டிராக்டர் ஒருவர் அதை ஹோட்டலாகக் கட்டத் தொடங்கிக் கடனில் மூழ்கிப் போனார். 80,000 பவுன் விழுங்கிய அக்கட்டடம் 10,000 பவுனுக்கு விலைக்கு வந்தது. வேல்ஸ் தேசாபிமானிகள் அதை வாங்கி, 1872-ஆம் ஆண்டில் 26 மாணாக்கர்களுடன் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். சர்க்கார் கை கொடுக்காத அந்த ஆரம்ப வருஷங்களில் கல்லூரிக்கு உயிர் கொடுத்தவை, சுரங்கத் தொழிலாளரும் குடியானவரும் பிரார்த்தனைக் கூடங்களில் போட்ட சில்லறைக் காசுகளேயாகும்.

படக்கலை வகுப்புகள் இப்போது ஊருக்கு மேலேயுள்ள பெங்லைஸ் குன்றில் நடைபெறுகின்றன. அங்கே மாணாக்கர்கள் சொன்ன அனுபவங்கள் பல. மைக்குக்கு ரோமப் போர்வை போர்த்தாமல் கடற்கரைக்குப் போனவன் கதி அதோகதிதான். பேச்சுக்குப் பதில் காற்றின் ஊளையே பதிவாகும். காலையில் கதாநாயகன் நின்ற பாறை மத்தியானம் தண்ணீருக்குள் மறைந்துவிடும். ஆகையால், கதையை எழுதுமுன் கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். குளிர் காலத்து மாலைகளில், மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரமாயிரமாக வந்து, கடலுக்குள் நீண்டிருக்கும் பாலத்தின்மேல் புகையைப்போல் சுழன்று அதன் அடியில் அடைகின்றன. புதிதாக வருகிறவர்களெல்லாரும் முதலில் அதைத்தான் படம் பிடிப்பார்களாம். "பறவைகள் நன்றாகத்தான் நடிக்கின்றன, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பாராம் ஒரு போதகாசிரியர்.

ஊர் சிறிது, ஆள் பலமும் சிறிது. இன்று காமிரா பிடித்தவர் நாளை மைக்கைத் தாங்குவார். மறுநாள் அவரே நடிக்கவும் வேண்டும். ரொட்டிக் கடைக்காரரும் மீன்காரரும் சிநேகத்துக்காக வந்து வேஷம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆயினும், என் கேள்விக்கு விடை இதுவன்று. வேல்ஸ் மக்களுக்கு வெல்ஷ் என்ற புராதன மொழி ஒன்று உண்டு. 2021-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அதைப் பேசுவோர் சுமார் 5,38,000 பேர். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. அம்மொழிக்குத் தனி டெலிவிஷன் நிலையம் தருவதாகக் கொடுத்த வாக்கை பிரிட்டிஷ் சர்க்கார் மீறியபோது, 1980-இல் க்வின்ஃபர் எவன்ஸ் என்ற தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார். சர்க்கார் பணிந்தது, 1982 நவம்பரில் நிலையம் தோன்றியது. பிற்பாடு இதே ஊரில் 'ஹிண்டர்லாண்ட்' என்ற துப்பறியும் தொடரை எடுத்தபோது, காட்சிகளை வெல்ஷில் ஒரு முறையும் இங்கிலீஷில் ஒரு முறையுமாக எடுத்தார்கள். மொழிப்பற்று இங்கே வெறும் மேடைப் பேச்சாக நின்றுவிடவில்லை. பிழைப்பதற்கேற்ற தொழிலாகவும் ஆகியிருக்கிறது.

மாணவி ஒருத்தி தன் கதையைச் சொன்னாள். "என் பாட்டிக்குத் தாய்மொழி வெல்ஷ். இங்கிலீஷ் இருந்தால்தான் பிழைக்கலாமென்று என் தாயாருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கற்றேன். பாட்டியைப் படமெடுக்கப் போய், முதல் கேள்வியை வெல்ஷில் கேட்டேன். அதுவரை எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். பாட்டி பதிலே பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்."

ஒலிப்பதிவு செய்தவனோ இங்கிலாந்துப் பையன். மொழி தெரியாததால், பேச்சு முடிந்துவிட்டதா, இல்லையா என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆகவே கருவியை நிறுத்தவில்லை. அந்த மௌனம் முழுவதும் பதிவாகிவிட்டது. நீளமாயிருக்கிறது, வெட்டிவிடு என்று சிநேகிதர்கள் சொன்னார்களாம். "வெட்ட மாட்டேன். அதற்குப் பிறகுதான் பாட்டி பேசினாள்" என்றாள் அவள்.

குன்றின் சரிவிலேயே தேசியப் புத்தகசாலை இருக்கிறது. வேல்ஸின் பழைய படங்களை அங்கே பாதுகாக்கிறார்கள். 1935-இல் வெளிவந்த முதல் வெல்ஷ் பேசும் படமான 'கல்லுடைப்பவ'னின் கடைசிச் சுருள் தொலைந்துபோய், பிற்காலத்தில் முடிவைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். நம் முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அதற்கு இன்று பிரதியே இல்லை என்பது என் நினைவுக்கு வந்து உறுத்தியது.

கடற்கரைச் சாலையின் வடக்குக் கோடியில் ஓர் இரும்புக் கம்பி வேலி இருக்கிறது. உலாவப் போகிறவர்கள் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவது ஊர் வழக்கம். நானும் தட்டினேன். திரும்பி நடந்தபோது, லண்டனைப் பற்றிய கேள்வி என்னிடம் இல்லை. நம் வீட்டுப் பாட்டிமார்களின் குரலை யார் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விதான் இருந்தது.