காதும் சென்சாரும்

2008இல் நாசா ஆய்வாளர்கள் வெளியிட்ட விமான எஞ்சின் தரவோடுதான் என் ஆய்வு நாட்கள் கழிகின்றன. முதல் தொகுப்பில் 100 எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் 21 சென்சார். ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி எண்கள். அதை வைத்து, எஞ்சின் இன்னும் எத்தனை பறப்பு தாங்கும் என்று சொல்ல வேண்டும். இவை நிஜ எஞ்சின்கள் அல்ல, கணினிக்குள் ஓடியவை. பழுதாகும்வரை நிஜ எஞ்சினை யார் ஓடவிடுவார்கள்? சில சென்சார்கள் கடைசிவரை ஒரே எண்ணைத்தான் காட்டும். எங்கள் தோட்டத்தில் அப்படிச் சில அதிகாரிகள் இருந்தார்கள்.

அப்பாவிடம் இதை விளக்கினேன். "சத்தம் எதுலம்மா இருக்கு?" என்றார்.

இல்லை. வெப்பம், அழுத்தம், சுழல்வேகம் எல்லாம் உண்டு. சத்தமும் அதிர்வும் அந்த 21இல் இல்லை.

அப்பா கேமரன் மலையில் ஒரு தேயிலை ஆலையின் ஃபிட்டர். பறித்த இலையை இரவெல்லாம் காற்று ஊதி வாட்டுவார்கள். அந்த விசிறிகளின் பேரிங் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார். "பத்து நாள் தாங்கும்" என்பார். மனசில் பதினைந்து இருக்கும். முன்னாலேயே மாற்றினால் ஒரு பேரிங்தான் நஷ்டம். நடுராத்திரியில் நின்றால் இலை போச்சு. 2008 போட்டியின் மதிப்பெண் முறையும் இதே கணக்குதான்: ஆயுளை 30 பறப்பு கூட்டிச் சொன்னால், 30 குறைத்துச் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தண்டனை.

போன விடுமுறையில் மலிவான அதிர்வு சென்சார் ஒன்றை விசிறியில் ஒட்டி, அப்பா சொன்னதையும் அது சொன்னதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். பேரிங் தேய ஆரம்பிக்கும்போது மாற்றம் முதலில் உயர்ந்த அதிர்வெண்ணில்தான் தெரியும். வருஷக்கணக்காக மெஷின் இரைச்சலில் நின்ற காதும் முதலில் இழப்பது கீச்சென்ற அந்த ஒலிகளைத்தான்.

இரண்டு பேரிங்கிலும் சென்சார் முந்திக்கொண்டது. இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அவரே நோட்டைப் புரட்டி, தேதிகளில் விரல் வைத்தார்.

"ஆறு நாளா?"

"ஆமாப்பா."

"எனக்குக் கேக்கலையே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் அடுத்த விசிறிக்குப் போனோம். ஸ்க்ரூடிரைவரை வைத்தார், கேட்டார். "நாலு நாள்னு எழுதிக்க" என்றார்.