பின்னால் போகாத லாரி

ஜூலை விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு லியோனிலிருந்து வந்திருந்தான். பன்னிரண்டு வயதுப் பேரனுக்குச் சென்னையில் ஒரு ரேடியோ கண்ட்ரோல் லாரி வாங்கிக் கொடுத்தான். பொம்மைதானே என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே நிஜமான டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருளில் ஓடுகிறது. ஓடும்போது மைதானம் முழுக்க விளக்கெண்ணெய் கருகின மாதிரி ஒரு வாசனை. நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றுகிற எஞ்சின். ஆனால் பின்னால் போகத் தெரியாது!

காலை ஆறு மணிக்கு லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துக்குப் போவோம். லாரி சீறிக்கொண்டு போய்ப் புதரிலோ கல்லிலோ மூக்கை முட்டி நிற்கும். பேரன் கையில் ரிமோட். ஆகவே, நடந்து போய்த் திருப்பி வைக்கிற உத்தியோகம் எனக்கு. மூன்றாம் நாள் முட்டி வீங்கிவிட்டது. "முட்டிக்குத் தைலம் தேய்க்கிறது நானு, லாரிக்குக் கிளீனர் வேலை பார்க்கிறது நீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

மகன் உடனே, "ரிவர்ஸ் கியர் தனியாக வாங்கிப் போட்டுவிடலாம்ப்பா" என்றான். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனாலும் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன், ஒரு செலவை விசாரிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். விசாரித்தேன். பாட்டரி லாரியில் இது பெரிய காரியமில்லை. மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் சக்கரமும் திரும்பிச் சுற்றும். எரிபொருள் எஞ்சின் ஒரே திசையில்தான் சுற்றும். அதனால் கியர் பெட்டிக்குள் கூடுதலாகப் பல்சக்கரம் வைக்க வேண்டும். அதை மாற்ற இன்னொரு சர்வோ மோட்டார் வேண்டும். இருக்கிற ரிமோட்டில் ஸ்டியரிங்குக்கு ஒரு சேனல், ஆக்ஸிலரேட்டர், பிரேக்குக்கு ஒரு சேனல். மூன்றாவது சேனல் உள்ள ரிமோட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். எடை கூடும். லாரி முழுக்க நின்ற பிறகுதான் கியர் மாற்ற வேண்டும், அவசரப்பட்டால் பல் உடையும். பன்னிரண்டு வயசுப் பையன் பொறுமையாக நிறுத்தி மாற்றுவானா?

இந்த வண்டிகளின் பந்தயங்களில்கூட, கவிழ்ந்ததைத் தூக்கி நிமிர்த்த ஓரத்தில் ஆட்கள் நிற்கிறார்களாம். முந்தின பந்தயம் ஓட்டியவர்களே அடுத்ததற்கு வந்து நிற்க வேண்டும். அதைக் கேட்டதும் 1970களில் நான் ஒரு கிடங்கில் கணக்கு எழுதிய காலம் ஞாபகம் வந்தது. ரிவர்ஸ் கியர் உள்ள பெரிய லாரிக்கே, பின்னால் ஒருவன் பலகையைத் தட்டி "வா, வா, ஒடிச்சு வா" என்று குரல் கொடுத்தால்தான் வண்டி சந்துக்குள் வரும். கடைசி நேரத்தில் இரண்டு தட்டு தட்டுவான். அந்தத் தட்டு இல்லாவிட்டால் சுவர் போயிருக்கும்.

மகனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எரிபொருள் லாரிக்கு ரிவர்ஸ் தண்டச் செலவு, அவசியமென்றால் பாட்டரி லாரி வாங்கு என்றேன். சொன்ன காரணமெல்லாம் நிஜம்தான். சொல்லாத ஒன்றும் இருந்தது. போன முறை வந்தபோது பையன் என்னிடம் "போன்ஜூர் தாத்தா", "போன்நுய் தாத்தா" தவிர நாலு வார்த்தை பேசவில்லை. போனிலேயே மூழ்கிக் கிடந்தான். இந்த முறை ஒவ்வொரு தடவை லாரியைத் திருப்பும்போதும் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து "மெர்சி தாத்தா!" என்று கத்துவான். எஞ்சின் சூடு ஆறுகிறவரை மரத்தடியில் உட்கார்ந்து பேசுவோம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது 1960களின் புத்தகப் பிரெஞ்சு. "தாத்தா, நீங்க ராஜா மாதிரி பேசறீங்க" என்று சிரிப்பான். மார்ஷ் அரியேரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டான். நாங்களும் ரிவர்ஸ் என்றுதான் சொல்வோம் என்றேன். ஏமாந்துபோனான்.

ஊருக்குக் கிளம்பும் முன் டாங்கைக் காலி செய்து, எஞ்சினுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பரணில் ஏற்றினோம். முட்டி இப்போது பரவாயில்லை.

போன ஞாயிறு வீடியோ காலில் லாரி எப்படி இருக்கிறது என்று கேட்டான். பரணில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது என்றேன்.

"திருப்பி வையுங்க தாத்தா" என்றான்.

வீட்டுக்காரி கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, ஏணி போட்டு ஏறித் திருப்பி வைத்தேன்.