சாய்ந்த கோபுரமும் டர்போ வண்டியும்



தெலுக் இந்தானுக்கு வருகிறவர்கள் அந்தச் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1885ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி போலத் தெரியும். உள்ளே போனால் மூன்றே மாடிதான். கடிகாரத்தோடு நீர்த்தொட்டியையும் அது சுமந்தது. அடியில் இருந்ததோ இளகிய மண். பாரம் தாங்காமல் சாய்ந்துவிட்டது. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது, அக்காள் மகனோடு அந்த ஊரிலிருந்து ஈப்போவுக்குப் போய் வந்த கதை.

அவனிடம் ஒரு புரோட்டோன் பிரிவே இருக்கிறது. 2012இல் வெளிவந்த ரகம், 1.6 லிட்டர் டர்போ இன்ஜின். பழைய வண்டியாகத்தான் வாங்கினான். ஆனால் அந்த வண்டியில்தான் என் அக்காள் வாரம் மூன்று நாள் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறாள். ஒரு நாள் தவறினாலும் அவள் உடம்பு தாங்காது.

"மாமா, செம்பனை லோரியை முந்திப் போறதுக்குள்ள உயிர் போயிடுது. இன்ஜின் கம்ப்யூட்டரை டியூன் பண்ணப் போறேன்" என்றான். இளவயது, ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் அவனுடைய நண்பன் ஒருவன் இப்படிச் செய்து, ஒரே மாதத்தில் பிஸ்டன் உடைந்து, ஓடாத வண்டிக்கு இன்னும் மாதத்தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். ஆகவே, "நானும் வருகிறேன்" என்று கிளம்பினேன்.

பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் என்று பழைய சாலையிலேயே போனோம். கம்பார் பக்கம் ஈயம் தோண்டிய பள்ளங்கள் குளங்களாக மின்னுகின்றன. கோப்பெங்கைத் தாண்டினால் சுண்ணாம்புக் குன்றுகள் நிமிர்ந்து நிற்கின்றன. பார்க்கப் பார்க்க அலுக்காத வழி.

வழியில் ஒரு பட்டணத்தில் முதல் பட்டறை. பெயர் வேண்டாம். வண்ண விளக்குகள், பளபளக்கும் படங்கள். "இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். 180 குதிரைத்திறன் கியாரண்டி" என்றார் அங்கிருந்த இளைஞர். வண்டியின் மூடியைக்கூட அவர் திறக்கவில்லை. "பழைய பதிவை எடுத்து வைப்பீர்களா?" என்று கேட்டேன். சிரித்தார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

வாசகர்களே, இங்கே ஒரு விளக்கம் தேவை. வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவதே டர்போ. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்பதையெல்லாம் கணினி தீர்மானிக்கிறது. தரக்குறைவான எண்ணெய், கடும் வெயில், நெரிசல் இவற்றை எண்ணி, வண்டி செய்தவர்கள் அதில் கொஞ்சம் இருப்பு விட்டிருப்பார்கள். டியூனர் அந்த இருப்பிலிருந்துதான் எடுத்துச் செலவு செய்கிறார். அளவு மீறினால் பெட்ரோல் காலம் தவறி வெடித்து, பிஸ்டனை அடித்து நொறுக்கும். ஓட்டுகிறவனுக்கு அது எப்போதும் காதில் விழுவதில்லை.

இரண்டாவது பட்டறை ஈப்போவை ஒட்டிய மெங்லெம்புவில், கடலைக்குப் பெயர்போன ஊரில் இருந்தது. தலை நரைத்த சீனப் பெரியவர். வந்ததும் அவர் குதிரைத்திறனைப் பற்றிப் பேசவில்லை. மலாய்மொழியில் கேள்விகளாகக் கேட்டார். "எந்த எண்ணெய் ஊற்றுகிறாய், 95ஆ 97ஆ? கடைசியாக எப்போது சர்வீஸ்? வண்டியில் யார் யார் ஏறுவார்கள்?"

அக்காளைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. கருவியை மாட்டி, தாமே பக்கத்தில் உட்கார்ந்து, சாலையில் ஓட்டச் சொன்னார். திரும்பி வந்து காற்றுக் குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதித்தார். ஒரு ரப்பர்க் குழாயில் வெடிப்பு. தீப்பொறிக் கட்டைகளும் தேய்ந்திருந்தன.

"இன்று செய்ய மாட்டேன். இதையெல்லாம் மாற்றிக்கொண்டு வா. நோயாளிக்கு ஓட்டப் பந்தயம் வைப்பார்களா?" என்றார்.

மருமகனுக்கு ஏமாற்றம். எனக்கோ அந்த ஒரு மறுப்பிலேயே நம்பிக்கை பிறந்துவிட்டது. வந்த காசை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

குழாயையும் கட்டைகளையும் மாற்றியதும், வண்டிக்குப் பாதி இழுவை தானாகவே திரும்பிவிட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனோம். முதலில் பழைய பதிவைப் பிரதியெடுத்து அவன் கையில் கொடுத்தார். பிறகு உருளைகளின்மேல் சக்கரங்களை ஓடவிட்டு அளந்தார். ஏட்டில் 138 குதிரைத்திறன் என்று இருக்க, அங்கே குறைவாகவே காட்டியது. "ஏட்டில் இருப்பது இன்ஜினில் அளந்தது. இது சக்கரத்தில் அளப்பது. நடுவில் கியர்ப்பெட்டி கொஞ்சம் தின்றுவிடும்" என்று மறைக்காமல் சொன்னார். அவன் வழக்கமாக ஊற்றும் 95 எண்ணெய்க்கு ஏற்றபடியே சிறிது சிறிதாகக் கூட்டினார். ஒவ்வொரு தடவையும் அளந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இதற்குமேல் உன் கியர்ப்பெட்டி தாங்காது" என்றார். செய்ததற்கு முன்னும் பின்னும் உள்ள வரைபடங்களைத் தாளில் எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அவனோடு நீங்களும் போங்கள். டியூனர் முதலில் வண்டியைச் சோதிக்கிறாரா? பழைய பதிவைத் திருப்பித் தருகிறாரா? அளந்து காட்டுகிறாரா? எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறதா? பழுது வந்தால் பொறுப்பேற்பாரா? அவரிடம் முன்பு செய்துகொண்டவர்களின் வண்டிகள் இரண்டு மூன்று ஆண்டுகளாகியும் ஓடுகின்றனவா என்று விசாரியுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்தால் விபத்தின்போது இழப்பீடு கிடைக்காமல் போகலாம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாக இருந்தால் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

வகுப்பறையிலும் இதைத்தான் பார்க்கிறேன். பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று அறியாமல் பாடத்தை ஏற்றினால் பயன் என்ன?

அக்காள் இப்போதும் அந்த வண்டியில்தான் போய் வருகிறாள். வேகம் கூடியது அவளுக்குத் தெரியவில்லை. "முன்னைப் போல் குலுக்கல் இல்லையடா தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

தெலுக் இந்தானுக்கு வந்தால் கோபுரத்தைப் பாருங்கள். மாடிகளை எண்ணிவிட்டு, அதன் அடியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்.